சராசரி 1.4 நொடி

தை செங் கட்டடத்தில் ஏழு மணிக்கெல்லாம்
குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவார்கள்.
ஏழரைக்கு ஐயாயிரம் பேரை உள்ளே விட்டேன்.

வேர்க்காதவர்கள். இருமாதவர்கள்.
ரஸ்வான் ஒரே மதியத்தில் பெற்றுப்போட்ட பெயர்கள்.
பத்து நிமிடத்தில் படிப்படியாக ஏறி
ஒரே பலதுறை மருந்தகத்தின் ஒரே கதவைத் தட்டி
மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்டார்கள்,
போனார்கள், திரும்ப வந்து கேட்டார்கள்.
நான் காயா ரொட்டியைக் கடித்தபடி
கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சராசரி 1.4 நொடி.
நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு 2.6-க்குள்.
ஒப்பந்தம் கேட்டது மூன்று.
அறிக்கை தன்னைத்தானே பச்சையாக்கிக்கொண்டது.
வெய் ஜியே ஒரு கட்டைவிரலை அனுப்பினார்,
பின்னாலேயே ஒரு வரி:
திங்கட்கிழமை திறந்துவிடலாம் லா.

சராசரி நல்ல பிள்ளை.
வந்தவர் யார் கேட்டாலும்
எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லும்.
உள்ளறையில் படுத்திருப்பவரைப் பற்றி
மூச்சு விடாது.

உள்ளறைக்குப் போனேன்.
தொண்ணூற்றொன்பதாவது விழுக்காடு: 31 நொடி.
29 இல்லை, 32 இல்லை,
வரிசையாக 31, 31, 31.
தற்செயலுக்கு இத்தனை ஒழுக்கம் கிடையாது.

செயலியைச் சந்தேகித்தேன்; பாதித் தூக்கத்தில் இருந்தது.
நினைவகம், இன்னும் இடமிருக்கிறதே என்றது.
தரவுத்தளத்தின் பூட்டுகளை ஒவ்வொன்றாக
இழுத்துப் பார்த்தேன்.
கடைசியில், வேறு வழியில்லாமல்,
ஆட்களைப் பார்த்தேன்.

அறுபத்திரண்டு பேர்.
தர்ஷிணி, கோமளவல்லி, நீலமேகன்,
புனிதன், இன்னொரு புனிதன், ஹர்வீந்தர்.
ஒவ்வொரு பெயரின் இடுப்பிலும் ஒரு சாய்கோடு,
எஸ்ஸுக்கும் ஓவுக்கும் நடுவில்,
டீக்கும் ஓவுக்கும் நடுவில்,
பிள்ளையைத் தகப்பனிடம் கொண்டு சேர்ப்பது.
பின், பிந்தே எல்லாம்
இடைவெளியில் நழுவிப் போய்விட்டன.
டான்களும் லிம்களும் நிற்கவே இல்லை.
சாய்கோட்டைக் கண்டால் மட்டும் சேவையகம்
அதை முகவரியில் ஒரு திருப்பம் என்று எண்ணி
இல்லாத சந்துக்குள் நுழைகிறது,
பத்து நொடி நிற்கிறது,
திரும்பி வந்து மறுபடி நுழைகிறது.
மூன்று முறை.
மீதி ஒரு நொடி
மன்னிப்புக் கேட்க.

வெய் ஜியேயை அழைத்துச் சொன்னேன். கெட்டவரில்லை.
ஒரு விழுக்காடுதானே,
அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார்.
ஒரு விழுக்காடுதான்.
ஆனால் இது குலுக்கல் சீட்டு இல்லையே,
நாளைக்கு வேறு யாருக்காவது விழ.
என்றைக்கும் அதே அறுபத்திரண்டு பேர்.

இந்தக் கோட்டை எங்கிருந்து பிடித்தாய் என்று
ரஸ்வானைக் கேட்டேன்.
பையில் குடையைத் திணித்துக்கொண்டிருந்தான்.
ஆறு வருடமாக உன் நுழைவட்டை
என் மூக்குக்கு முன்னால்தானே ஆடுகிறது,
அதைப் பார்த்துத்தான் சேர்த்தேன்,
தப்பா? என்றான்.

ஐயாயிரம் பேரும் இறங்கிப் போன பிறகு
காலியான சேவையகத்தில்
என் பெயரை நானே தட்டினேன்:
குழலி, டீ, சாய்கோடு, ஓ, வேதாசலம்.
வட்டம் சுற்றியது.
பளுச் சோதனை என்கிறோம்; இங்கே
பளுவே இல்லை.
எதிர்ச் சாலையில் பச்சை மனிதன்
நடந்தான், இமைத்தான், சிவந்தான்.
துப்புரவு செய்பவர் என் குப்பைக்கூடையைக்
காலிசெய்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.
மின்தூக்கி ஏழாம் மாடிக்கு வந்து
யாருக்குமில்லாமல் கதவைத் திறந்து மூடிக்கொண்டது.
இருபத்தொன்பது. முப்பது.

பிழை அறிக்கையில் ‘தீவிரம்’ என்ற கட்டத்தில்
‘குறைவு’ தானாகவே நிரம்பியிருந்தது.
அதைத்தான் முதலில் அழித்தேன்.